காது இரைச்சல் கூடிக்கொண்டே போகிறதா? நூட்ரோபிக் மாத்திரையை முயன்று பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் காது இரைச்சல் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஜிங்கோ பிலோபா என்ற மர இலைச் சாற்று மாத்திரையும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். 50 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, 12 வாரம். 2001-இல் முடிவு வெளியானது. ஜிங்கோ சாப்பிட்ட 360 பேரில் 34 பேர் தொல்லை குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 360 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 35 பேர்.

அந்த 34 பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே குறைந்தது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டாரிடம் ஜிங்கோவைச் சிபாரிசு செய்திருப்பார்கள். காது இரைச்சல் அலைபோல ஏறும், இறங்கும். தாங்க முடியாத உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர்கள் பாட்டில் வாங்குகிறார்கள். உச்சம் தானாக இறங்குகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. நூட்ரோபிக் வகைகளை, அதாவது ஜிங்கோ போல மூளைத்திறனுக்கென்று விற்கும் மாத்திரைகளை, முயல நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அளந்து பார்க்காமல் முயன்றால், எந்த மாத்திரையும் வேலை செய்ததுபோலவே தெரியும். சில நேரம், எதுவுமே வேலை செய்யாததுபோலவும் தெரியும்.

நூட்ரோபிக் என்ற சொல்லை 1972-இல் உருவாக்கியவர் கோர்னேலியு ஜ்யூர்ஜியா. பெல்ஜியத்தில் பிராசிட்டம் என்ற மருந்தை 1964-இல் உருவாக்கியவரும் அவரே. நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் உதவும் பொருள் என்ற அர்த்தத்தில் அந்தச் சொல்லை வைத்தார். இன்று ஜிங்கோ, நீர்ப்பிரமி, சிட்டிகோலின், மெக்னீசியம், காஃபீன் கலவை என்று எல்லாமே அந்தப் பெயரில் விற்கின்றன. காதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பெரும்பாலானவர்களுக்கு உள்காதின் மயிரிழைச் செல்கள் தேய்ந்து, மூளைக்குப் போகும் ஒலிச் செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிவைக்கிறது. அந்தக் கூடுதல் பெருக்கம்தான் ‘ஙொய்’ என்று கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். மூளையில் நடப்பதென்றால் மூளைக்கான மாத்திரை உதவாதா என்ற கேள்வி நியாயமானது. பதில் மட்டும் இதுவரை ஏமாற்றமாகவே இருக்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடர்ந்து தொல்லை தரும் இரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் உள்ளிட்ட சப்ளிமென்ட்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் முயலலாம் என்று முடிவெடுப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. முயல்வது உங்கள் உரிமை. காசும் காலமும் வீணாகாமல், உடம்புக்குக் கேடு வராமல் முயல வேண்டும்.

முதல் படி: மாத்திரையைத் தொடாமல் டாக்டரிடம் போக வேண்டிய நிலைமைகள்

ஒரு காதில் கேட்கும் திறன் திடீரென்று, மூன்று நாளுக்குள், குறைந்துவிட்டதா? அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தரும் கால அவகாசம் முதல் இரண்டு வாரம்தான். அதிலும் முதல் சில நாள்கள்தான் பொன்னானவை. ‘சளி அடைத்திருக்கும், சரியாகிவிடும்’ என்று பத்து நாள் காத்திருந்து கேட்கும் திறனை நிரந்தரமாக இழந்தவர்கள் ஏராளம்.

இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தும் தும்’ என்று அடித்தால் அது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஸ்கேன் தேவைப்படும். ஒரு பக்கக் காதில் மட்டும் கேட்டால், கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். முகம் ஒரு பக்கம் இழுப்பது, தலைசுற்றல், காதில் சீழ், தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய இரைச்சல் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

இரைச்சலால் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால், தயவுசெய்து இப்போதே 14416-ஐ அழையுங்கள். டெலிமனஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இரைச்சலின் உச்சத்தில் அந்த எண்ணம் பலருக்கு வருவதுண்டு, உச்சம் இறங்கும்போது அதுவும் இறங்குகிறது.

இரண்டாம் படி: ஏன் கூடியது என்று தேடுங்கள்

பல வருடம் ஒரே அளவில் இருந்த இரைச்சல் இப்போது கூடியிருக்கிறதென்றால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். கடந்த மூன்று மாதத்தைத் திரும்பிப் பாருங்கள்.

காதுக்குள் அழுக்கு கெட்டியாக அடைத்திருப்பது மிகச் சாதாரணக் காரணம். பஞ்சுக்குச்சி விட்டுக் குடைவது அழுக்கை உள்ளே தள்ளிச் செவிப்பறையில் ஒட்டவைக்கும். பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்ப் புண்ணாகும். டாக்டரிடம் ஐந்து நிமிட வேலை இது. அவரே எடுத்துவிடட்டும்.

அடுத்து மருந்துகள். மூட்டுவலிக்குத் தினமும் சாப்பிடும் வலிமாத்திரை, அதிக அளவு ஆஸ்பிரின், ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை, ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், குவினைன், சில புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் இரைச்சலைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

தாடையைச் சோதித்துப் பாருங்கள். பல்லை இறுகக் கடித்தாலோ, தாடையை முன்னே தள்ளினாலோ, கழுத்தைத் திருப்பினாலோ இரைச்சலின் சுருதி மாறுகிறதா? அப்படியென்றால் தாடை மூட்டுக்கும் கழுத்துத் தசைக்கும் அதில் பங்கு இருக்கிறது. இரவில் பல் நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் டாக்டர் தரும் பற்கவசம், எந்த நூட்ரோபிக்கையும்விட நல்ல தொடக்கம்.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை கட்டாயம். ‘எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது’ என்பவர்களுக்கும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். இயந்திரம், பட்டாசு, இயர்ஃபோன் பாதிப்பின் அடையாளம் அது. பிறகு மாதங்கள் கழித்து ஒப்பிடுவதற்கும் இந்த முதல் அறிக்கை வேண்டும்.

மூன்றாம் படி: குறை இருக்கிறதா என்று ரத்தத்தில் பாருங்கள்

இந்த விஷயம் முழுவதிலும் உண்மையான பலனுக்கு இடம் இருக்கும் மூலை இதுதான் என்பது எங்கள் கருத்து. இல்லாத குறையை நிரப்ப மாத்திரை சாப்பிடுவதில் பயனில்லை. இருக்கும் குறையை நிரப்பினால், காது ஒருபுறம் இருக்கட்டும், உடம்பு தேறும்.

வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை. இவ்வளவு போதும். பி12-ஐச் சத்து மாத்திரை எதுவும் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால் ரத்தத்தில் அளவு உயர்ந்து தெரியும், பழைய குறை மறைந்துவிடும்.

சைவ உணவுக்காரர்கள், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், அல்சருக்கென்று பான்டோபிரசோல் வகையை விடாமல் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். இந்தியாவில் 40 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில் 17 பேருக்கு பி12 குறைவு இருந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாரம் 2,500 மைக்ரோகிராம் பி12 ஊசி, ஆறு வாரம் போட்டார்கள். ஊசி போட்டவர்களில் குறைவு இருந்தவர்களுக்கு இரைச்சல் மதிப்பெண் இறங்கியது. சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லாருக்கும் பி12 என்று சொல்ல முடியாது. குறைவு இருப்பவருக்கு எப்படியும் தர வேண்டியது என்பதால் தயங்கவும் வேண்டாம். அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மெடிக்கல் ஷாப்பில் ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டால் வருவது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் 1,500 மைக்ரோகிராமோடு வேறு சிலதும் சேர்ந்த கலவை. அதில் பைரிடாக்சின் எவ்வளவு என்று பாருங்கள். அது வைட்டமின் பி6. மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் நரம்பையே கெடுத்துக் கால் எரிச்சலும் மதமதப்பும் தரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு நாளுக்கு 12 மி.கி. என்று உச்சவரம்பு வைத்தது. இரண்டு மூன்று வகை மாத்திரை சேர்ந்தால் அந்த வரம்பைத் தாண்டுவது சுலபம்.

நான்காம் படி: 14 நாள், சப்ளிமென்ட் எதுவும் எடுக்காமல், அளவெடுங்கள்

டின்னிட்டஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி என்ற கேள்வித்தாள் 1996 முதல் பழக்கத்தில் இருக்கிறது. 25 கேள்வி. ‘ஆம்’ என்றால் 4, ‘சில நேரம்’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் 0. மொத்தம் நூறு. 0 முதல் 16 வரை பொருட்படுத்த வேண்டாத அளவு, 18 முதல் 36 வரை லேசு, 38 முதல் 56 வரை நடுத்தரம், 58 முதல் 76 வரை கடுமை, 78 முதல் 100 வரை மிகக் கடுமை. கேட்கும் திறனைச் சோதிக்கும் உங்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டால் தாள் கிடைக்கும். 14 நாள் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் நிரப்புங்கள். இரண்டும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதே ஒரு பாடம்: மாத்திரை இல்லாமலேயே உங்கள் எண் இவ்வளவு ஆடுகிறது.

அதோடு தினமும் ஒரே நேரம், ஒரே அறையில், இரண்டு எண் எழுதுங்கள். சத்தம் எவ்வளவு, தொல்லை எவ்வளவு, பத்துக்கு. இரண்டும் வேறு வேறு. சத்தம் 7 இருந்தும் தொல்லை 2 இருக்கும் நாளே நீங்கள் தேடும் நாள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்:

செவ்வாய், இரவு 8 மணி. சத்தம் 6, தொல்லை 4. தூக்கம் 5 மணி நேரம். மாலை கல்யாண மண்டபத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் 2 மணி நேரம். காப்பி 3. தலைவலி மாத்திரை 1.

ஒரு நாளில் ஒரே தடவை மட்டும். மணிக்கொரு முறை ‘இப்போ எப்படி இருக்கு’ என்று காதைக் கவனித்தால் மூளை அந்த ஒலியை முக்கியமானதாக எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கேட்கும். அளவெடுப்பே நோயைக் கூட்டிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: எதை முயல்வது, எதைத் தொடக்கூடாது

ஜிங்கோ பற்றிச் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகும் ஆய்வுகள் நடந்தன. 12 ஆய்வுகள், 1,915 பேர் என்று எல்லாவற்றையும் சேர்த்து அலசிய 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வறிக்கையும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம் அல்லது இல்லை என்றே முடித்தது. இருந்தும் முயல்வதாக இருந்தால், 24 சதவீதம் ஃப்ளேவோன் கிளைகோசைடு, 6 சதவீதம் டெர்ப்பீன் லாக்டோன் என்று அளவிட்ட சாறாக இருக்க வேண்டும். நாளுக்கு 120 மி.கி.யில் தொடங்கி 240-ஐத் தாண்டாமல், இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பின். வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம், ரத்தக் கசிவு அபாயம். வலிப்பு உள்ளவர்களும் விலகுங்கள். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மெலடோனின் தூக்கத்துக்கான ஹார்மோன், நினைவாற்றலுக்கானது அல்ல. ஆனாலும் இந்தக் கலவைகள் பலவற்றில் இருக்கிறது. இரைச்சலால் தூக்கம் கெடுபவருக்கு இந்த வரிசையில் முதலில் முயலத் தகுந்தது இதுவே என்போம். 61 பேரிடம் 3 மி.கி., 30 இரவு கொடுத்து, பிறகு வெற்று மாத்திரைக்கு மாற்றிப் பார்த்த 2011 ஆய்வு ஒன்றில் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது. தூங்கினால் மறுநாள் தொல்லை குறையும் என்பதே பெரும்பகுதிக் காரணமாக இருக்கலாம். படுக்க ஒரு மணி நேரம் முன், 3 மி.கி. அதற்கு மேல் கூட்டினால் காலையில் மந்தம்தான் மிஞ்சும். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் மெலடோனின் பலமடங்கு ஏறும், ஆகவே வேண்டாம்.

மெக்னீசியத்தில் எல்லாரும் தவறுவது அளவில்தான். பாட்டிலின் முன்பக்கம் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1,000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 140 மி.கி. ஆக்சைடு வகையில் 60 சதவீதம் மெக்னீசியம் இருந்தும் உடம்பில் சரியாகச் சேராமல் வயிற்றைக் கலக்கும். உண்மையான மெக்னீசியக் கணக்கில் நாளுக்கு 200 மி.கி.யில் தொடங்குங்கள். சப்ளிமென்ட்டாக 350 மி.கி. என்பது அமெரிக்க உச்சவரம்பு. அமெரிக்காவில் 532 மி.கி. கொடுத்துப் பார்த்த 2011 ஆய்வில் சிலருக்குக் குறைந்தது. ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு இல்லாததால் அதை நம்பி எதுவும் சொல்ல முடியாது. பேதி தொடங்கினால் அளவைப் பாதியாக்குங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் தொடக் கூடாது.

துத்தநாகத்துக்கு 209 பேரிடம் நடந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரம் வற்றி ரத்தசோகையும் கால் மதமதப்பும் வரும்.

நீர்ப்பிரமி விஷயத்தில் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. வட இந்தியாவில் சில இடங்களில் வல்லாரையையும் பிரமி என்றே விற்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு செடி. ஆய்வுகளில் பயன்பட்டது நீர்ப்பிரமி, தாவரப் பெயர் பக்கோப்பா மொன்னியேரி. லேபிளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அந்த ஆய்வுகள் நினைவாற்றலுக்கானவை, இரைச்சலுக்கானவை அல்ல. நாளுக்கு 300 மி.கி. சாறு, 12 வாரம் என்பது அவற்றில் வழக்கமான அளவு. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், வயிறு இளகும். சமையலில் வல்லாரைத் துவையல் சாப்பிடுவதை இதோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம். அது உணவு, தாராளமாகச் சாப்பிடலாம்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, மனப்பதற்றத்தைத் தணித்தால் தொல்லையும் தணியலாம் என்ற எண்ணத்தில் பலர் எடுக்கிறார்கள். கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. தைராய்டு ஹார்மோனைக் கூட்டவும் செய்யும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. சிறுநீர் கருமையானாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

பிராசிட்டம், சிட்டிகோலின் இரண்டும் இங்கே டாக்டர் சீட்டில் எழுதும் மருந்துகள், இரண்டும் சேர்ந்த மாத்திரையும் உண்டு. பிராசிட்டம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கும் ஆகாது. ஆன்லைனில் தூளாக வாங்கிக் கரண்டியால் அளந்து சாப்பிடும் வேலை வேண்டவே வேண்டாம். அதோடு, டாக்டர்கள் அடிக்கடி எழுதும் பீட்டாஹிஸ்டினும் இரைச்சலுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2018-இல் காக்ரேன் குழு முடித்திருக்கிறது. தலைசுற்றலுக்காகத் தந்திருந்தால் அது வேறு விஷயம், தொடருங்கள்.

காஃபீன் சேர்ந்த ‘கவன’ மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுத்தால் இரைச்சல் கூடியதாகத் தோன்றும். அதற்காகக் காப்பியை ஒரேயடியாக விடவும் வேண்டாம். பிரிட்டனில் 66 பேரிடம் காஃபீனை நிறுத்திப் பார்த்த 2010 ஆய்வில் இரைச்சல் குறையவில்லை, நிறுத்தியதால் வந்த தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வேண்டாம் என்ற ஒரு விதி போதும்.

இவற்றைத் தொடாதீர்கள்: ஃபெனிபட், டியானெப்டின். முதலாவது சில நாள் அற்புதமாகத் தோன்றும், இரைச்சலே மறந்துபோகும். சில வாரத்தில் உடம்பு பழகிவிடும். நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், பிரமை, முன்பைவிட உரத்த இரைச்சல். இரண்டாவது, அதிக அளவில் ஓபியம் வகைப் போதையைத் தந்து அடிமையாக்குவது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் 5-எச்.டி.பி., செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கலந்த எதையும் எடுக்கக் கூடாது. செரட்டோனின் எல்லை மீறிப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆறாம் படி: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில்தான் விஷயம். இந்தியாவில் விற்கும் சப்ளிமென்ட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண் இருக்க வேண்டும். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் இருக்கும். காது இரைச்சலைக் குணப்படுத்தும் என்று முன்பக்கம் எழுதிவிட்டுப் பின்பக்கம் இந்த வாசகத்தைப் பொடி எழுத்தில் போட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் நேர்மை அங்கேயே தெரிந்துவிடும்.

‘பிரத்தியேகக் கலவை 850 மி.கி.’ என்று மொத்தமாக எழுதி, உள்ளே எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத பாட்டிலை வைத்துவிடுங்கள். எட்டுப் பொருளில் ஏழு மூக்குப்பொடி அளவில் இருக்கும். பலன் தெரிந்தாலும் எதனால் என்று தெரியாது, அரிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது. ஒற்றைப் பொருள், தொகுதி எண், காலாவதி நாள், கேட்டால் அந்தத் தொகுதிக்கான ஆய்வகச் சான்றிதழ் தருகிற நிறுவனம். இவ்வளவும் இருந்தால் வாங்குங்கள். முதல் முறை ஒரு மாதத்துக்கு மட்டும். மூன்று பாட்டில் வாங்கினால் தள்ளுபடி என்பது, பலன் இல்லாவிட்டாலும் நீங்கள் நிறுத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

ஏழாம் படி: ஒன்றே ஒன்று, தேதி குறித்து

ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் காலண்டரில் வட்டமிடுங்கள். முதல் 3 நாள் பாதி அளவு, ஒவ்வாமை பார்க்க. பிறகு முழு அளவு. மெலடோனின் 4 வாரம், மெக்னீசியம் 6 வாரம், ஜிங்கோவும் நீர்ப்பிரமியும் 12 வாரம். இந்தக் காலத்தில் காது கேட்கும் கருவி, புது மருந்து, புது உடற்பயிற்சி எதையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். தொடங்க நேர்ந்தால் சோதனையைத் தள்ளிவையுங்கள். கருவியைத் தள்ளிவைக்க வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், சாப்பிடுவது மருந்தா, வெற்று மாத்திரையா என்று உங்களுக்கே தெரியாமல் சோதிக்கலாம். மெலடோனின் போன்ற சீக்கிரம் வேலை செய்யும் பொருளுக்கு இது பொருந்தும். நிறமுள்ள, உள்ளே தெரியாத வெற்றுக் கேப்ஸ்யூல், 0 அளவு, 42 வேண்டும். வீட்டில் ஒருவர் 21-இல் சின்ன மெலடோனின் மாத்திரையை முழுதாகப் போட்டு, மீதி இடத்தை வறுத்து ஆறிய அரிசி மாவால் நிரப்புகிறார். மற்ற 21-இல் அரிசி மாவு மட்டும். மாத்திரை உள்ளே ஆடிச் சத்தம் போடாதபடி மாவை அழுத்தி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஏழேழாகப் பிரித்து ஆறு உறையில் போட்டு, இரண்டிரண்டு உறையை ஒரு ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடியிலும் எது முதல் என்று நாணயம் சுண்டி முடிவு செய்து, ரகசியமாக எழுதி ஒட்டிவைக்கிறார். நீங்கள் வாரம் ஓர் உறை. ஜோடி முடிந்ததும் எது மாத்திரை வாரம் என்று உங்கள் ஊகத்தை எழுதுங்கள். மூன்று ஜோடியையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், ஊகத்தோடு நோட்டு எண்களும் ஒத்துப்போனால் மட்டுமே நம்புங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைத்து இப்படிப் போடக் கூடாது, முழு அளவும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

முடிவை எப்படிப் படிப்பது? கேள்வித்தாள் மதிப்பெண் 7-க்குக் குறைவாக மாறியிருந்தால் மாற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு மேல் இறங்கியிருந்தால் நம்பத் தகுந்தது. இடைப்பட்டது என்றால் நிறுத்தி, 4 வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. இரண்டாம் முறையும் அதே பொருளில் இறங்கினால் மட்டும் பேச்சு.

எங்கே தவறுகிறது

53 நாடுகளில் இரைச்சல் உள்ள 1,788 பேரிடம் கேட்ட 2016 ஆய்வில், சப்ளிமென்ட் எடுத்தவர்களில் 70.7 சதவீதம் பேர் மாற்றமில்லை என்றார்கள். 19 சதவீதம் பேர் குறைந்தது என்றார்கள். 10.3 சதவீதம் பேர் கூடியது என்றார்கள். கடைசி எண்ணைக் கவனியுங்கள். மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று நாளில் இரைச்சல் தெளிவாக ஏறினால் ‘பழகட்டும்’ என்று தொடராதீர்கள். நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் இறங்கினால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை.

இன்னொரு பெரிய தவறு, மாத்திரையை நம்பிக் காதை மௌனத்தில் அடைத்துவைப்பது. 1953-இல் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்காரவைத்தபோது 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் இரைச்சல் கேட்டது. மௌனம் இரைச்சலை வளர்க்கும். வீட்டுக்குள்ளேயே நாள் முழுவதும் காதடைப்பான் போடுவது மூளையின் ஒலிப்பெருக்கத்தை மேலும் கூட்டும். செண்டை, டிஜே, பட்டாசு, அறவை மெஷின் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் போடுங்கள். மற்ற நேரம் கழற்றிவிடுங்கள்.

மாத்திரைச் சோதனை நடக்கும்போதும் விடாமல் செய்ய வேண்டியவை

இரவில் மின்விசிறி ஓசை, மழைச் சத்தம், எதுவானாலும் இரைச்சலை மூடி அமுக்காமல் அதைவிடச் சற்றுக் குறைந்த அளவில் ஓடட்டும். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை இரைச்சலைப் பின்னணியாக ஒதுக்கப் பழகும். ஆடியோகிராமில் குறை தெரிந்தால் காது கேட்கும் கருவியைச் சோதனைக்குப் போட்டுப் பாருங்கள். வெளி ஒலி உள்ளே வந்ததும் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவியல் முறை சத்தத்தைக் குறைக்காவிட்டாலும் தொல்லையைக் குறைக்கிறது என்பதற்கு, இன்றுள்ள முறைகளிலேயே மிக வலுவான சான்று உள்ளது. மேலே சொன்ன 2014 வழிகாட்டுதல் பரிந்துரைப்பவற்றில் இந்த இரண்டும் உண்டு. பாட்டிலுக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு இவற்றுக்கே போகட்டும்.

வட்டமிட்ட தேதி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, நோட்டை மட்டும் இன்னும் 14 நாள் தொடருங்கள். அதே மணி, அதே அறை, அதே இரண்டு எண். அந்த 14 வரியையும் தொடக்கத்து 14 வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.